நூற்றுப்பதிமூன்றாம் தனிமமும் என் வலது காலும்

பள்ளி பள்ளியாகப் போகும் நம் அறிவியல் வேன் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நால்வருக்கும் காதர் எழுதுவது. போன வாரம் என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டு, "பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். அன்று தொண்டை கட்டியிருந்தது. டீ குடித்தேன், உங்கள் முகங்களைப் பார்த்தேன், வந்துவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஜெனரேட்டரை எப்படிக் கிளப்புவது, டெலஸ்கோப்பை எப்படித் துடைப்பது என்பதெல்லாம் இதில் கிடையாது. அதை டிரைவர் சொல்லித் தருவார். இது நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது.

நான் எட்டாவது வரை படித்தவன். அதுவும் முழுதாக இல்லை, முழுப்பரீட்சை எழுதவில்லை. அதிராம்பட்டினத்தில் விசைப்படகு இன்ஜின் பட்டறையில் ஆரம்பித்து, சரக்குக் கப்பலில் பம்ப் அறை, வளைகுடாவில் ஏசி மெக்கானிக் என்று சுற்றினேன். அங்கே கம்பெனியை மூடிவிட்டு முதலாளி போய்விட்டார். ஒன்பது மாதம் பாஸ்போர்ட் கையில் இல்லாமல் ஒரு தகரக் கொட்டகையில் எட்டுப் பேர் இருந்தோம். பிறகு ஊருக்கு வந்து, திருப்பூர், தூத்துக்குடி, மறுபடி ஊர். மன்னார்குடியில் இந்த வேன் வேலைக்கு வந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எலெக்ட்ரிக் வேலை பார்க்கத்தான் என்னை எடுத்தார்கள். விளக்கம் சொல்லும் தம்பி ஒரு நாள் காய்ச்சலில் படுத்ததால் மைக் என் கைக்கு வந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் என்னை "சார்" என்று கூப்பிட்டார்கள். அதுவரை பார்த்த எந்த வேலையிலும் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தச் சொல்லை இழந்துவிடக்கூடாது என்ற பயத்தில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

அப்போது எங்களோடு ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் வருவார். புதிய தனிமங்களுக்குப் பெயர் வைத்த செய்தி பேப்பரில் வந்திருந்த சமயம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி நிற்கும்போது அவர்தான் எனக்கு நிகோனியம் என்ற நூற்றுப்பதிமூன்றாம் தனிமத்தின் கதையைச் சொன்னார். ரயில் வர அரை மணி ஆனதால் முழுக் கதையும் கிடைத்தது.

ஒரு தனிமத்துக்கு அடையாளம் அதன் அணுக்கருவில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை. துத்தநாகத்துக்கு முப்பது. பிஸ்மத் என்ற உலோகத்துக்கு எண்பத்து மூன்று. இரண்டும் ஒட்டினால் நூற்றுப்பதிமூன்று. அப்படி ஒரு பொருள் நம் மண்ணிலோ கடலிலோ கிடைப்பதில்லை. செய்துதான் பார்க்க வேண்டும். ஜப்பானில் செய்தார்கள். துத்தநாக அணுக்கருக்களை ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில், நொடிக்கு லட்சம் கோடிக் கணக்கில், பிஸ்மத் தகட்டின்மேல் அடித்தார்கள். வேகம் கூடினால் சேர்ந்ததும் சிதறிவிடும். குறைந்தால் ஒன்றையொன்று தள்ளிவிட்டுப் போய்விடும். சரியான வேகத்தில் சரியாக மோதினாலும் பெரும்பாலும் ஒட்டாது. ஒன்பது ஆண்டுகளில் அவர்களுக்குக் கிடைத்தது மூன்று அணு.

"மூணு கிலோவா சார்?" என்று கேட்டேன்.

"மூணு அணு, காதர். ஒண்ணு, ரெண்டு, மூணு."

அந்த அணுவும் நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான் இருக்கும். அதன்பின் இரண்டு புரோட்டான் உள்ள ஒரு துணுக்கைக் கக்கிவிட்டு நூற்றுப்பதினொன்றாகிவிடும். அது நூற்றொன்பதாகும், பிறகு நூற்றேழு, நூற்றைந்து. வந்தது நிகோனியம்தான் என்பதை இப்படி இறங்கிப் போன படிகளை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். முதல் இரண்டு அணுவும் நூற்றைந்தில் இரண்டாக உடைந்துபோயின. அதில் கேள்வி கேட்க இடம் இருந்தது. மூன்றாவதுக்காக ஏழு வருஷம் காத்திருந்தார்கள். அது நூற்றைந்தில் நிற்காமல் நூற்றுமூன்று, நூற்றொன்று என்று கடைசிவரை இறங்கிக் காட்டியது. அதன் பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது.

அது என்ன நிறம், என்ன கனம் என்று யாருக்கும் தெரியாது. அலுமினியம் நிற்கும் வரிசையின் அடியில் நிற்கிறது, உலோகமாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். பார்க்கிற அளவுக்கு யாரும் சேர்த்ததில்லை. "இத வச்சு என்ன சார் செய்யலாம்?" என்று எல்லாப் பள்ளியிலும் ஒரு பிள்ளை கேட்கும். "இதுவரைக்கும் ஒண்ணும் செய்யல" என்று சொல்லுங்கள். அதுதான் சரியான பதில்.

அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குக் காட்ட நான் ஒரு பலகை செய்தேன். சரிவான ஒட்டுப் பலகை, அதில் நெருக்கமாக ஆணிகள். மேலிருந்து சைக்கிள் பால்ரஸ் குண்டு ஒன்றை உருட்டிவிட வேண்டும். அடியில் ஒரு சின்னக் குழி, அதில் பெரிய குண்டு ஒன்று செப்புத் தகட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். சின்னக் குண்டு ஆணிகளில் தட்டித் தடுமாறி வந்து பெரிய குண்டின் தலையில் சரியாக உட்கார்ந்தால் தகடு அழுந்தி, சிவப்பு பல்பு ஒரு கணம் எரிந்து அணையும். வேகமாக வந்தால் துள்ளிவிடும். மெதுவாக வந்தால் ஆணியில் சிக்கிவிடும். ஷெட்டில் பதினோரு நாள் உருட்டிப் பார்த்தேன். இரண்டு முறை எரிந்தது. பேராசிரியர் என் தோளைத் தட்டி, "கைய வைக்காதீங்க, அப்படியே விடுங்க" என்றார். மறு மாதம் மகள் வீட்டோடு பெங்களூர் போய்விட்டார்.

நம் ஊரில் எந்த நிகழ்ச்சிக்கும் சிறப்பு விருந்தினர் இல்லாமல் முடியாது. அவர் கை வைத்துத்தான் எதையும் தொடங்க வேண்டும். அதிராம்பட்டினத்தில் ஒரு பள்ளிக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுத்தவர் வந்திருந்தார். என் பலகையைக் காட்டி, "நீங்க உருட்டித் தொடங்கி வைங்க" என்றார்கள். உருட்டினார். எரியவில்லை. இன்னொன்று. எரியவில்லை. இருபது குண்டு உருட்டினார். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கைதட்டக் காத்திருந்த பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

வண்டியில் திரும்பும்போது, வேனை நடத்தும் அமைப்பில் அப்போதிருந்த செயலாளர் கேட்டார். "காதரு, அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தியா?"

"அது அப்படித்தாங்க எரியும். எப்பவாவதுதான்."

"எப்பவாவது எரியறத எதுக்குய்யா மேடையில வைக்கிற? விருந்தாளி கை வச்சா எரியணும். எரிய வைக்கிறது ஒன் பொறுப்பு. எப்படின்னு நான் கேக்க மாட்டேன்."

அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. காலிங்பெல் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி மேசைக்கு அடியில் வைத்து, ஒயரை மேசைத் துணிக்குள் கொண்டுபோனேன். விருந்தினர் மூன்றாவது குண்டை உருட்டும்போது வலது காலால் அழுத்துவேன். பல்பு எரியும், கைதட்டல் வரும், பொன்னாடை போர்த்துவார்கள். பிள்ளைகள் உருட்டும்போது கால் வைக்க மாட்டேன், அவர்களுக்கு எரியாது. இப்படி நாலு வருஷம் ஓடியது. எனக்குத் தூக்கம் கெடவில்லை. மூன்று அணுக் கதையை மைக்கில் உருக்கமாகச் சொல்லிக்கொண்டே அழுத்தியிருக்கிறேன்.

ஒரு நாள் பூதலூர்ப் பக்கம் ஓர் உதவி பெறும் பள்ளியிலிருந்து போன் வந்தது. எஸ்தர் டீச்சர். லுத்தரன் திருச்சபைக் குடும்பம். ஏழெட்டு வருஷமாகத் தற்காலிகமாக அறிவியல் நடத்துகிறவர். அவர்கள் பள்ளிக்கு நான் ஆறு மாதம் முன்பு போயிருந்தேன். தலைமையாசிரியர் உருட்டி, மூன்றாவது குண்டில் எரிந்திருந்தது.

"பாய், ஒங்க பலகையப் பாத்து அதே மாதிரி ஒண்ணு செஞ்சேன். எரிய மாட்டேங்குதே."

"எத்தன குண்டு வுட்டீங்க டீச்சர்?"

"நாலாயிரத்து இருநூறு."

நின்றுகொண்டிருந்தவன் உட்கார்ந்தேன். "எண்ணினீங்களா?"

"எண்ணாம எப்படி பாய் தெரியும்? பசங்க முறை போட்டு உருட்டுறாங்க. நோட்டுல எழுதுறோம். ஒங்களுக்கு மூணாவதுலயே எரிஞ்சுது. எனக்கு எங்க தப்புன்னு தெரியல. அடுத்த மாசம் தஞ்சாவூர்ல டீச்சர்ஸ் கண்காட்சி. பேர் குடுத்துட்டேன். எங்க தாளாளரும் வர்றாரு."

அவர் பள்ளியில் ஒரு நிரந்தர இடம் காலியாகப் போகிறது என்பதும், தாளாளர் அன்று பார்ப்பதை வைத்துத்தான் முடிவு செய்வார் என்பதும் பேச்சுவாக்கில் தெரிந்தது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். எதிரில் யாரும் இல்லை, போன்தான். நான் சொன்னது இது: "ஆணி எடவெளி கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும் டீச்சர். பிடுங்கிட்டு அளந்து அடிங்க."

பத்து நாள் கழித்து மறுபடி போன். எல்லா ஆணியையும் பிடுங்கி அடித்தாராம். எரியவில்லை. "சரிவு சரியில்லயோ என்னவோ" என்றேன். சரிவை மாற்ற மறுபடி ஆணிகளைப் பிடுங்கினார்.

கண்காட்சி அன்று எங்கள் வேனையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு ஒதுக்கிய மேசைக்குப் பக்கத்து மேசையில் எஸ்தர் டீச்சரின் பலகை இருந்தது. என்னுடையதைவிட நன்றாகச் செய்திருந்தார். ஆணிகள் வரிசை பிசகாமல் இருந்தன. வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தார். பலகைக்கு முன்னால் ஓர் அட்டை: "இக்கருவி செயல்படவில்லை. குறை எது என்று தெரியவில்லை."

"என்ன டீச்சர் இது, இப்படியா எழுதி வைப்பாங்க? தாளாளர் பாப்பாரே."

"எரியலயே பாய். வேற என்னான்னு எழுதறது?"

"எழுதாம சும்மா இருங்க. யாரு கேக்கப் போறா?"

"பசங்க கேப்பாங்க. அவங்கதான உருட்டுனாங்க."

சிறப்பு விருந்தினர், கல்வித் துறையிலிருந்து வந்த ஓர் அதிகாரி, வரிசையின் அந்தக் கோடியில் நுழைந்துவிட்டார். செயலாளர் அவர் பக்கத்தில் நடந்தபடி தூரத்திலிருந்தே எனக்குத் தலையசைத்தார். அதற்கு ‘தயாரா இரு’ என்று பொருள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேசைக்கு அடியில் நீட்டினேன்.

எஸ்தர் டீச்சர் என் பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தார். "பாய், ஒங்களது எரியும்போது எங்க நின்னாக்கா நல்லாத் தெரியும்? இன்னிக்காவது எப்படி விழுதுன்னு பாத்துக்கறேன். அப்பறம் என் மேசைக்கு வரும்போது தப்பு என்னுதுதான்னு தைரியமாச் சொல்லிடுவேன்."

தம்பி, தங்கச்சிகளே, இருட்டுக் கடலில் பம்ப் அறையில் தண்ணீர் ஏறியபோதுகூட நான் தடுமாறியதில்லை. அங்கே எந்த வால்வை மூட வேண்டும் என்று தெரியும். இங்கே தெரிந்தும் மூடாமல் நின்றேன். அதிகாரி நாலு மேசை தள்ளி இருந்தார். பிறகு மூன்று.

"டீச்சர், ஒங்க ஆணி சரி" என்றேன்.

"என்ன?"

"மொத தடவ அடிச்சதே சரி. சரிவும் சரி. குறை என்னுதுல." துணியைத் தூக்கிக் காட்டினேன்.

குனிந்து பார்த்தார். ஒயர், ஸ்விட்ச், என் வெறுங்கால். நிமிர்ந்து, துணி சுற்றிய கையைப் பார்த்தார்.

"ரெண்டு தடவ பிடுங்கினேன் பாய்."

"தெரியும்."

"முந்நூத்து எழுவது ஆணி."

துணியைக் கீழே விட்டேன்.

"எத்தன நாளா இது?"

"நாலு வருசம்."

"அப்ப எங்க எச்.எம். வுட்டது?"

"அதுவும்தான்."

"அடக் கடவுளே. அந்த மனுசன் இன்னிக்கும் பாக்குறவங்ககிட்டெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு." சிரிப்பு வந்து, அதை அடக்கி, மறுபடி முகம் இறுகியது. "கால எடுங்க."

எடுத்தேன். செருப்பை மாட்டுவதற்குள் அதிகாரி வந்துவிட்டார். ஒரு குண்டு, இரண்டு, மூன்று. மூன்றாவதுக்கு செயலாளர் கைதட்டத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். பத்தாவதுக்கு அதிகாரி என்னைப் பார்த்தார்.

"என்ன, ரிப்பேரா?"

"இல்லீங்க. இது இப்படித்தான். இதுவரைக்கும் எரிஞ்சதெல்லாம் நான் கால்ல அமுத்தினது" என்று சொல்லி முடித்தேன். செயலாளர் முகத்தை நான் பார்க்கவில்லை.

எஸ்தர் டீச்சர் தன் நோட்டை எடுத்து நீட்டினார். "ஐயா, என்னுதும் அதே பலகைதாங்க. எங்க பசங்க இதுவரைக்கும் பத்தாயிரத்துக்கு மேல உருட்டியிருக்காங்க. ஒண்ணுகூட எரியல. ஒவ்வொண்ணும் தேதி போட்டு எழுதியிருக்கு. ஜப்பான்ல ரெண்டாவது அணுவுக்கும் மூணாவது அணுவுக்கும் நடுவுல ஏழு வருசம் இப்படித்தான் இருந்திருக்கு. எரியாம."

அதிகாரி நோட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாகச் சுழியங்கள், பிள்ளைகளின் பலவிதக் கையெழுத்தில்.

"அப்ப எரியுமா எரியாதா?"

"பாய் நெசமாவே எப்பவாவது எரிஞ்சிருக்குன்னு சொன்னா, எரியும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஷெட்ல ரெண்டு தடவ" என்றேன். "கால் வைக்காம."

அவர் நம்பினாரா தெரியாது. டீச்சரின் மேசைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உதவியாளர் வந்து நேரமாகிறது என்று சொல்லும்வரை குண்டு உருட்டினார். முப்பத்தொன்று. டீச்சர் அதையும் தேதி போட்டு எழுதி, பக்கத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பரிசு கிடைக்கவில்லை. நடுவர் சீட்டில் "கருவி இயங்கவில்லை" என்று இருந்தது. தாளாளர், அந்த அட்டையை நீங்களே எழுதினீர்களா என்று மட்டும் டீச்சரிடம் கேட்டுவிட்டுப் போனாராம். நிரந்தர இடம் அடுத்த ஜூனில் டீச்சருக்கே வந்தது. எதனால் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

செயலாளர் என்னிடமிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். ஆறு மாதம் ஜெனரேட்டர் பக்கம் மட்டும் நின்றேன். வேன் போன இடத்தில் யாரும் சார் என்று கூப்பிடவில்லை, அதனால் நான் ஒன்றும் செத்துப்போகவில்லை. அந்த ஆறு மாதமும் எனக்கு லீவு கிடைத்த நாட்களில் பஸ் ஏறி, நாலு வருஷம் போன பள்ளிகளுக்கெல்லாம் மறுபடி போனேன். பேராசிரியர் முன்பே சொல்லியிருந்தார்: வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடம் புதுத் தனிமம் கண்டதாக அறிவித்தது, மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது வரவில்லை, அறிவித்தவர்களே வாபஸ் வாங்கினார்கள். நானும் வாபஸ் வாங்கத்தான் போனேன். வடுவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "எங்களுக்கு அப்பவே தெரியும் சார். ஒங்க தோளு ஆடுச்சு" என்றாள். வகுப்பே சிரித்தது. பூதலூர்த் தலைமையாசிரியர் மட்டும் கடைசிவரை ஒப்பவில்லை. "மத்தவங்களுக்கு நீ அமுத்தியிருப்ப பாய். நான் வுட்ட வேகம் வேற" என்றுவிட்டார்.

எஸ்தர் டீச்சர் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான். பிறகு ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, வகுப்பு நேரத்தில், போன் வந்தது. பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"பாய், எரிஞ்சிருச்சாம்."

"எழுதிட்டீங்களா?"

"எப்படி எழுதறது? நான் போர்டுல எழுதிக்கிட்டிருந்தேன். பாக்கல."

"பிள்ளைங்க பாத்திருக்குல்ல டீச்சர்?"

"ஏழு பேரு பாத்தாங்களாம். நாலு பேரு ஒரு தடவ எரிஞ்சுதுங்கறாங்க. மூணு பேரு ரெண்டு தடவங்கறாங்க. ஒருத்தன் எரியறதுக்கு முன்னாடியே சத்தம் கேட்டுச்சுங்கறான். ஏழு பேரும் சொன்னத தனித்தனியா எழுதி வாங்கிட்டேன். கணக்குல ஏத்தல."

"அட, ஏத்திடுங்க டீச்சர். எத்தன நாள் காத்திருந்தீங்க."

"நீங்க இத சொல்லக்கூடாது பாய்."

சொல்லியிருக்கக்கூடாதுதான். பிறகு அவர்தான் சொன்னார். "இப்ப ஒருத்தரும் பாடத்தக் கவனிக்கல. எல்லாரும் பலகையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. நானும் புக்க மூடிட்டேன். வாங்களேன், நீங்களும் வந்து பாருங்க. ஆனா ஒண்ணு. இங்க வந்தா கால ரெண்டையும் தூக்கி பெஞ்சு மேல வச்சுக்கிட்டுத்தான் உக்காரணும்."

மத்தியான பாசஞ்சரைப் பிடித்தேன்.